இரு பாலங்களும் ஒரு கைத்தொலைபேசியும்

மட்டக்களப்பைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் வாவியைத்தான் சொல்வார்கள். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த வாவி எமது மண்ணை இரண்டு கரைகளாக்கியுள்ளது. கடலோடு ஒட்டி, சூரியன் எழும் பக்கமாக உள்ளது எழுவான்கரை. வயலும் காடும் குளமுமாக, சூரியன் படும் பக்கமாக உள்ளது படுவான்கரை. யுத்த காலத்தில் இந்தப் பெயர்களுக்கு வேறொரு பொருளும் சேர்ந்துகொண்டது. இக்கரை இராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. அக்கரை பெரும்பாலும் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே நாங்கள் கரை கடந்தோம். எந்த நேரத்தில் போனோம், எந்த நேரத்தில் திரும்பினோம், யாரைப் பார்க்கப் போனோம் என்பதற்கெல்லாம் பதில் சொல்லவேண்டியிருந்தது.

இன்று இரு கரைகளிலும் உள்ள பெண்கள் குழுக்களோடு வேலை செய்பவள் நான். அவர்களில் பலர் கணவனை இழந்தவர்கள் அல்லது கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களில் அநேகருக்கு சீனி வருத்தமும் பிரஷரும் வந்துவிட்டன. கிளினிக்கில் எல்லோருக்கும் ஒரே அறிவுரைதான்: நடவுங்கள். நடப்பதற்கு இடம் எது, நேரம் எது, துணை யார் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடித்தான் நான் கைத்தொலைபேசியில் நடையையும் ஓட்டத்தையும் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு கல்லடிப் பாலத்திலிருந்து மண்முனைப் பாலம் வரை அலைந்தேன். அந்த அலைச்சலில் கண்டதையும் கேட்டதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஓட்டம் என்ற சொல்

"ஓட்டம்" என்பது எங்களுக்கு விளையாட்டுச் சொல் அல்ல. "தொண்ணூறாம் ஆண்டு ஓடினது", "வெள்ளத்துக்கு ஓடினது", "சுனாமிக்கு ஓடினது" என்று வாழ்க்கையின் ஆண்டுகளையே ஓட்டத்தால் கணக்கிடும் மக்கள் நாங்கள். போதாததற்கு, "ஓடிப்போனவள்" என்றொரு சொல்லும் பெண்ணுக்கென்றே வைத்திருக்கிறோம். ஆகவே ஒரு பெண் விடியற்காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வீதியில் ஓடினால், பார்ப்பவர்களுக்கு அது உடற்பயிற்சியாகத் தெரிவதில்லை. ஏதோ நடந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

பழைய கல்லடிப் பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த வயோதிபர் ஒருவர் என்னைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"என்ன மகள், ஆரும் துரத்துறாங்களா?"

"இல்ல ஐயா, சும்மா ஓடுறன்."

"சும்மா ஆரும் ஓடுவாங்களா?"

அவர் கேட்டதில் பிழையில்லை. அந்த வயதுக்காரர் கண்டதெல்லாம் துரத்தப்பட்ட ஓட்டங்கள்தான்.

சமூகவியல் படித்தபோது பொதுவெளியில் பெண் என்ற தலைப்பில் நிறைய எழுதியிருக்கிறேன். ஆனால் வீதியில் இறங்கிப் பார்த்தபோதுதான் ஒரு விடயம் தெளிவானது. எமது ஊர்களில் பெண்கள் நடக்காமல் இல்லை. தண்ணீர்க் குடத்தோடு நடக்கிறோம், விறகுக் கட்டோடு நடக்கிறோம், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டும் சந்தைப் பையோடும் கோயில் தட்டோடும் நடக்கிறோம். கையில் ஏதாவது இருந்தால் எவரும் கேள்வி கேட்பதில்லை. வெறுங்கையோடு நடந்தால்தான் "எங்ககா போறீங்க?" என்ற கேள்வி வருகிறது. தன் உடம்புக்காக மட்டும் நடக்கும் பெண்ணை எங்கள் வீதிகள் இன்னும் பழகவில்லை.

பழைய பாலம்

அப்படிப் பழக்குவதற்கு ஏற்ற இடமாக எனக்குப் பட்டது கல்லடிப் பழைய பாலம். 1924இல் கட்டப்பட்ட இந்த இரும்புப் பாலத்துக்கு அன்றைய ஆளுநரின் மனைவியுடைய பெயரை வைத்து லேடி மானிங் பாலம் என்று பெயரிட்டார்கள். பெயர் ஆங்கிலேயருடையதாக இருந்தாலும் எங்களுக்கு அது கல்லடிப் பாலம்தான். 2013 மார்ச்சில் பக்கத்திலேயே அகலமான புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னர் வாகனங்களின் பாரம் அங்கே போய்விட்டது. பஸ்ஸும் லொறியும் அதிர்த்த பழைய பாலத்தில் இப்போது தூண்டில்காரரும் நடப்பவர்களும் காற்று வாங்குபவர்களும் நிற்கிறார்கள். நிலாக் காலத்தில் மீன் பாடுவதைக் கேட்க வருபவர்கள் தோணியில் இறங்கித் துடுப்பைத் தண்ணீரில் வைத்துக் காதைக் கொடுப்பதும் இந்தப் பாலத்தின் அடியில்தான்.

இந்தப் பாலத்தின் நீளம் ஏறத்தாழ 290 மீற்றர். ஏழு தடவை கடந்தால் 2 கிலோமீற்றர். அதற்குக் கைத்தொலைபேசியே தேவையில்லை. ஆனால் செயலி சரியாக அளக்கிறதா என்று சோதித்துப் பார்க்க, நீளம் தெரிந்த இடம் ஒன்று வேண்டும் அல்லவா? அதற்காகவே அங்கிருந்து தொடங்கினேன். பத்துத் தடவை கடந்தபோது 2.9 கிலோமீற்றர் வரவேண்டும். செயலி 3 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டியது. பாலத்தின் நடுவில் நின்று சூரிய உதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தையும் அது விடவில்லை. நான் நின்ற இடத்திலேயே சிறு சிறு கோடுகளாகக் கிறுக்கி, நான் அங்குமிங்கும் நடந்ததாகக் கணக்கு எழுதியிருந்தது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதை அறிய, கைத்தொலைபேசி எப்படித் தூரத்தை அளக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளவேண்டும். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் செய்மதிகள் இடைவிடாமல் நேரத்தை அறிவித்துக்கொண்டிருக்கின்றன. எமது கைத்தொலைபேசி அவற்றைக் கேட்கிறது. குறைந்தது நான்கு செய்மதிகளின் அறிவிப்பு வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து, நாம் நிற்கும் இடத்தைக் கணித்துக்கொள்கிறது. சில வினாடிகளுக்கு ஒரு தடவை இப்படி ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்தால் அதுதான் நாம் நடந்த கோடு. கோலம் போடுவது போன்ற வேலைதான் இதுவும். திறந்த வானத்தின் கீழ் இந்தப் புள்ளி ஐந்து மீற்றர் அளவுக்குத்தான் பிசகும். உயர்ந்த கட்டடங்கள், அடர்ந்த மரங்கள், இரும்புச் சட்டங்கள் பக்கத்தில் இருந்தால் சமிக்ஞை அவற்றில் பட்டுத் தெறித்து வந்து, புள்ளி இடம் மாறிவிடும். இரும்புப் பாலத்தில் கோடு நெளிவதற்கு இது ஒரு காரணம்.

இங்கே இரண்டு விடயங்களைச் சகோதரிகள் மனதில் வைத்துக்கொள்ளலாம். முதலாவது, செய்மதியைக் கேட்பதற்கு டேட்டா தேவையில்லை, சிம் கூடத் தேவையில்லை. படம் விரிவதற்கும் பதிவை இணையத்தில் ஏற்றுவதற்கும்தான் டேட்டா செலவாகும். இரண்டாவது, செய்மதிக்கு எம்மைத் தெரியாது. அது பேசுகிறது, நாம் கேட்கிறோம், அவ்வளவுதான். எமது இடம் வெளியே போவது செய்மதியால் அல்ல, கைத்தொலைபேசியில் உள்ள செயலியால். இந்த வேறுபாடு முக்கியமானது. இதற்குப் பின்னர் வருகிறேன்.

இந்தச் செய்மதி ஏற்பாடு அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தனது படைகளுக்காக அமைத்தது. முதல் செய்மதி 1978இல் ஏவப்பட்டது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் நெடுங்காலம் வேண்டுமென்றே பிசகு கலந்து வைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில்தான் அந்தப் பிசகை நிறுத்தினார்கள். அந்த முடிவு இல்லாவிட்டால் இன்று பாலத்தில் ஒரு பெண் தன் நடையை அளக்க முடியாது. போருக்காகச் செய்யப்பட்ட கருவி ஒன்று, போரில் நொந்த பெண்ணின் உடல்நலத்துக்கு உதவுகிறது என்பது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இன்னொரு விதத்தில் எச்சரிக்கையாகவும் இருந்தது.

கடற்கரைப் பக்கம்

பாலத்தைக் கடந்தால் கல்லடி. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். இடையில் ஒடுங்கிய நிலத்தில் வீடுகளும் பாடசாலைகளும் கோயில்களும். கடற்கரையை நோக்கிப் போனால் திருச்செந்தூர் முருகன் ஆலயம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி அந்தக் கோயிலின் சிறிய கோபுரத்தைச் சாய்த்துவிட்டது. வடக்கே நாவலடியில் குடும்பம் குடும்பமாக மக்கள் அள்ளுண்டு போனார்கள். அங்கே நினைவுத்தூபி இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் திகதியும் அங்கே விளக்கேற்றி அழுகிறார்கள்.

கல்லடிக் கடற்கரையில் என்னோடு நடக்க வந்த அக்கா ஒருவர் முதல் நாள் தண்ணீருக்குப் பக்கத்தில் வரவேயில்லை. மேட்டில் வீதியோரமாக நடந்தார். அவர் நடந்த கோடும் நான் மணலில் நடந்த கோடும் கைத்தொலைபேசிப் படத்தில் இரண்டு சமாந்தரக் கோடுகளாக விழுந்தன. மூன்றாவது வாரம் அவருடைய கோடு கொஞ்சம் கிழக்கே நகர்ந்திருந்தது. அவர் அதை எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருவரும் படத்தைப் பார்த்தோம், அவ்வளவுதான். உளவளத்துணைப் பயிற்சிகளில் நாங்கள் படிவங்கள் நிரப்பி அறிய முயல்வதை அந்தக் கோடு சத்தமில்லாமல் காட்டியது.

ஓட விரும்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் ஓடக்கூடாது. மணலில் ஓடினால் கணுக்காலும் முழங்காலும் வலிக்கும். 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஒருபோதும் ஓடாதவர்கள் ஒன்பது வாரத்தில் 5 கிலோமீற்றர் ஓடப் பழகும் திட்டம் ஒன்றை எழுதினார். இன்று பல செயலிகள் அதையே பின்பற்றுகின்றன. முதல் வாரம் மிக எளியது. ஐந்து நிமிடம் விரைவாக நடக்கவேண்டும். பின்னர் 60 வினாடி மெதுவான ஓட்டம், 90 வினாடி நடை என்று மாறி மாறி இருபது நிமிடம். வாரத்தில் மூன்று நாள் போதும். செயலி "ஓடு", "நட" என்று காதில் சொல்லும். கூட வந்த அக்கா அந்தக் குரலுக்கு "வாத்தியார்" என்று பெயர் வைத்துவிட்டார்.

ஓடத்தான் வேண்டும் என்றும் இல்லை. வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. விரைவான நடையும் இதில் அடங்கும். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், வாரத்தில் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம் ஆகிவிடுகிறது.

நடை எமக்குப் புதிது என்று எவரும் சொல்லவேண்டாம். ஆண்டுதோறும் கதிர்காமப் பாதயாத்திரை இந்த வழியாகத்தான் போகிறது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் புறப்படும் அடியார்கள் மட்டக்களப்பு, பொத்துவில் வழியாக உகந்தைக்குப் போய், அங்கிருந்து காட்டுக்குள் இறங்கி, குமண, யால ஊடாகக் கதிர்காமம் சேர்கிறார்கள். அவர்களில் தலையில் சுமையோடு, சிலர் வெறுங்காலோடு நடக்கும் முதிய பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் நடந்த தூரத்தை எந்தச் செயலியும் அளக்கவில்லை. ஓட்டத்துக்கும் உதாரணம் உண்டு. முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கப் பதக்கங்களோடு திரும்பினார். அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. வன்னி மண்ணில் யுத்தம் தின்றது போக மிஞ்சிய கால்கள் அவை.

மண்முனையைத் தாண்டி

எழுவான்கரையில் நடப்பது ஒரு வகை. படுவான்கரையில் நடப்பது வேறு வகை. முன்னர் மண்முனைத் துறையில் "பாதை" என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். 2014 ஏப்ரலில் ஜப்பானின் உதவியோடு கட்டப்பட்ட பாலம் திறக்கப்பட்டது. பாதைக்காகக் காத்திருந்த நேரம் இப்போது மிச்சம். மருத்துவத்துக்கும் மகப்பேற்றுக்கும் அவசரமாகப் போகும் பெண்களுக்கு இந்தப் பாலம் என்னவென்று அக்கரையில் கேட்டால்தான் தெரியும்.

பாலத்தைக் கடந்தால் வயல்வெளி. கொக்கட்டிச்சோலைப் பக்கமாகப் போனால் தான்தோன்றீச்சரர் கோயில். 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் படுகொலைகள் நடந்த மண் அது. வெட்டுக்கிளியும் கொக்கும் பறக்கும் அந்த வயல் வீதியில் காலையில் நடக்கும்போது, எந்த வளவுக்குள் யார் இல்லாமல் போனார்கள் என்று கூட வருபவர்கள் சொல்லிக்கொண்டே வருவார்கள். கைத்தொலைபேசிப் படத்தில் அந்த இடங்கள் வெறும் பச்சையாகத் தெரியும். அவர்களுக்கோ ஒவ்வொன்றும் ஒரு பெயர்.

இங்கே விடியற்காலை இருட்டில் நடக்கமுடியாது. யானை வரும். நன்றாக விடிந்த பின்னர்தான் இறங்கவேண்டும். வெயில் ஏறுவதற்குள் திரும்பவும் வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எட்டு மணிக்கே முகம் எரியும். மாரியில் வீதியே வெள்ளத்துள் போய்விடும். ஆகவே வாரத்தில் ஐந்து நாள் என்ற கணக்கெல்லாம் எல்லா மாதத்துக்கும் பொருந்தாது. கிடைத்த நாளில் நடப்போம் என்று குழுவில் முடிவெடுத்தோம். ஏழு பேர் சேர்ந்தார்கள். மூவரிடம் மட்டுமே ஸ்மார்ட் போன் இருந்தது. ஒருவருடையது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகள் அனுப்பியது.

முதல் நாள் நடந்து முடிந்து கோயில் மரத்தடியில் இருந்தபோது எனது கைத்தொலைபேசியில் விழுந்த கோட்டை எல்லோருக்கும் காட்டினேன். வயலோரம், வாய்க்கால் கட்டு, ஒழுங்கை என்று நடந்த பாதை செம்மஞ்சள் நிறத்தில் தெளிவாகத் தெரிந்தது. எல்லோரும் தங்கள் வீட்டைத் தேடினார்கள். "இதுதான் எங்கட வளவு", "இது பெரியம்மாட கிணறு" என்று ஒரே ஆரவாரம். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு அக்கா மட்டும் பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மிஸ், இந்தக் கோட்ட ஆரெல்லாம் பாப்பாங்க?"

ஆரவாரம் அடங்கிவிட்டது. அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள், எந்தப் பெண் எந்த நேரத்தில் எந்த வழியால் போகிறாள் என்று யாரோ எங்கோ எழுதி வைத்துக்கொண்டிருந்த காலத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். பட்டியலும் படமும் பெயர்களைக் கொண்டுபோன காலம். இன்றும் நுண்கடன் தவணை பிந்திய வீட்டுப் பெண்ணுக்கு, தான் எந்நேரம் எங்கே நிற்பாள் என்பது நாலு பேருக்குத் தெரிவது நல்லதல்ல. குடித்துவிட்டுத் தேடி வரும் கணவனைப் பிரிந்து வாழும் பெண்ணுக்கும் அப்படியே.

கோடு யாருக்கு?

அக்காவின் கேள்வி அளவுக்கு மீறிய பயம் அல்ல என்பதற்கு உலகமறிந்த சான்று உண்டு. ஸ்ட்ராவா என்பது 2009இல் அமெரிக்காவில் தொடங்கிய, ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதியும் செயலி. தன்னைப் பாவிப்பவர்களின் கோடுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து 2017 நவம்பரில் அது ஓர் உலகப் படத்தை வெளியிட்டது. பெயர்கள் இல்லை, கோடுகள் மட்டுமே. அதிகம் பேர் ஓடிய இடம் பிரகாசமாக ஒளிர்ந்தது. 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற அவுஸ்திரேலிய மாணவர் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தார். சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளில், எங்கும் இருளாக இருந்த பாலைவனத்தின் நடுவே, சின்னச் சின்ன ஒளிச் சதுரங்கள் தெரிந்தன. அவை வெளிநாட்டுப் படைமுகாம்கள். முகாமுக்குள் உடற்பயிற்சிக்காகத் தினமும் சுற்றி ஓடிய சிப்பாய்களின் கோடுகளே முகாமின் அமைப்பைக் காட்டிக்கொடுத்தன. அந்த ஆண்டிலேயே அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம், களத்தில் உள்ள தனது படையினர் இப்படியான வசதிகளைப் பாவிப்பதற்குத் தடை போட்டது.

துப்பாக்கியும் மதிலும் உள்ளவர்களையே ஒரு கோடு காட்டிக்கொடுத்ததென்றால், வேலி மட்டும் உள்ள எமது வீடுகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? தினமும் ஒரே வாசலில் தொடங்கி ஒரே வாசலில் முடியும் கோடு, "இதுதான் என் வீடு, இதுதான் நான் தனியே வரும் நேரம்" என்று சொல்லிவிடும்.

ஆனால் அதற்காகக் கருவியைத் தூக்கி எறியவும் வேண்டியதில்லை. கருவியின் கதவு எந்தப் பக்கம் பூட்டப்படுகிறது என்று தெரிந்துகொண்டால் போதும். அன்று மரத்தடியிலேயே நாங்கள் செய்தவை இவை:

செயலியின் அமைப்புகளுக்குள் போய், பதிவை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் "நான் மட்டும்" என்பதைத் தெரிவு செய்தோம். சில செயலிகளில் "எல்லோரும்" என்பதே முதலில் இருக்கும். நாம் மாற்றாவிட்டால் அப்படியே இருக்கும்.

கோட்டின் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி உள்ள செயலியில் அதைப் போட்டோம். இல்லாத செயலியில், வீட்டு வாசலில் அல்லாமல் சந்தியிலோ கோயிலடியிலோ வந்து பதிவைத் தொடங்குவது என்று முடிவெடுத்தோம்.

இருப்பிட அனுமதியை "எப்போதும்" என்று கொடுக்காமல், "செயலியைப் பாவிக்கும்போது மட்டும்" என்று வைத்தோம்.

சொந்தப் பெயருக்குப் பதிலாகப் புனைபெயர் வைத்தோம். சொந்தப் படத்துக்குப் பதிலாகப் பூ ஒன்றின் படம். ஒருவர் தனது ஆட்டுக்குட்டியின் படத்தை வைத்தார்.

தனியே நடக்கப் போகும் நாளில் மட்டும், நம்பிக்கையான ஒருவருக்கு வட்ஸ்அப் மூலம் நேரலை இருப்பிடத்தை அனுப்பப் பழகினோம். 15 நிமிடம், ஒரு மணித்தியாலம், 8 மணித்தியாலம் என்று மூன்று தெரிவுகள் அதில் உண்டு. ஒரு மணித்தியாலம் எமக்குப் போதும். நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும்.

இவற்றையெல்லாம் செய்து முடித்த பின்னரும் அந்த அக்கா தனது போனில் செயலியைப் போடவில்லை. அது அவரது உரிமை. வாய்க்கால் கட்டில் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரம் வரை எத்தனை மீற்றர் என்று எனது போனால் ஒரு தடவை அளந்து கொடுத்தோம். அதன் பின்னர் அவர் மரங்களை எண்ணி நடக்கிறார்.

சில வாரங்களின் பின் அவரே ஒரு நாள் என்னிடம் வந்தார். 2007 மார்ச்சில் படுவான்கரையில் சண்டை மூண்டபோது, இரண்டு பிள்ளைகளோடு வாவிக்கரை வரை நடந்து தோணியில் கடந்தவர் அவர்.

"அண்டைக்கு விடிய வெளிக்கிட்டது மிஸ். எத்தின கட்டை நடந்தம் எண்டு இண்டைக்கும் தெரியா. அத அளக்கலாமா?"

ஓட்டோ ஒன்றில் இருவரும் போனோம். அவர் வழி சொன்னார். இடையில் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றார். எதற்கென்று சொல்லவில்லை. வாவிக்கரையில் போய் இறங்கியபோது செயலி 13 கிலோமீற்றர் காட்டியது. ஏறத்தாழ எட்டுக் கட்டை என்றேன்.

"எட்டுத்தானா?" என்று கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்டைக்கு எண்பது போல இருந்த."

பின்னர், "அளந்து பாத்தாச்சி. இனி அழிச்சிருங்க மிஸ்" என்றார். அவருக்கு முன்னாலேயே அந்தப் பதிவை அழித்தேன். அழிந்துவிட்டதா என்று போனை வாங்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். மரங்களை எண்ணும் காலை நடையை அவர் விடவில்லை. கிளினிக் கொப்பியில் சீனியின் அளவு இறங்கியிருப்பதை அடுத்த மாதம் எல்லோருக்கும் காட்டினார்.

தொடங்க விரும்பும் சகோதரிகளுக்கு

சீனி வருத்தம், பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சீனிக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்கவேண்டாம், ஒரு இனிப்பைக் கையில் வைத்திருங்கள். குண்டுச் சன்னங்களோ வெட்டுக்காயத் தழும்புகளோ காலில் உள்ளவர்கள், வலி வந்தால் நிறுத்திவிடுங்கள். விலையுயர்ந்த சப்பாத்து அவசியமில்லை. நடைக்கு, குதியைப் பிடித்து நிற்கும் எந்தச் செருப்பும் போதும். ஓடுவதற்கு மட்டும் சப்பாத்து வேண்டும்.

இருவராவது சேர்ந்து போங்கள். தொடங்கும்போது மூச்சு வாங்காமல் கதைத்துக்கொண்டு நடக்கக்கூடிய வேகமே சரியான வேகம். செயலி ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை நிமிடம் எடுத்தீர்கள் என்று காட்டும். அதை மற்றவருடையதோடு ஒப்பிடவேண்டாம். உங்களுடைய போன மாதத்தோடு ஒப்பிடுங்கள். பற்றரி விரைவாக இறங்கும். ஆகவே திரையை அணைத்துவிட்டு நடவுங்கள், செயலி தன் வேலையைச் செய்யும். ஸ்மார்ட் போன் இல்லாதவர்கள் பாலத்தையோ பாடசாலை மைதானத்தையோ எண்ணி நடக்கலாம். கணக்கு எழுத ஒரு பழைய கொப்பி போதும்.

யாராவது "எங்ககா போறீங்க?" என்று கேட்டால், "நடக்கப் போறம்" என்று சொல்லுங்கள். வேறு காரணம் தேடவேண்டாம். பத்து நாள் கேட்பார்கள், பதினோராவது நாள் விட்டுவிடுவார்கள்.

எத்தனையோ பாதைகளில் எம்மை ஓடவைத்தார்கள். எந்தப் பாதை, எவ்வளவு தூரம், எப்போது நிற்பது என்பதை அன்று நாங்கள் தீர்மானிக்கவில்லை. இன்று காலை அரை மணித்தியாலம் நடப்பதைத் தீர்மானிப்பவர் நீங்கள். அந்த நடையின் கோட்டை வைத்திருப்பதா, ஒருவருக்குக் காட்டுவதா, அழித்துவிடுவதா என்று தீர்மானிப்பவரும் நீங்களே. அந்தத் தீர்மானத்தை வேறெவர் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.